பஸ்ராவில் செத்தவர்

கொளஞ்சியம்மாள் கடப்பாரையை ஓங்கி இறக்கிய சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. கல்லின் அடியில் மண் பெயர்ந்து சிதறியது.

கழன்று விழுந்த செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார் பொன்னுரங்கம். ஊரிலேயே அதிக நிலம் அவருக்குத்தான். சாலையோரம் நின்ற அந்தக் கல், வெளிநாட்டு யுத்தத்தில் செத்துப்போன அவர் தாத்தாவுக்காக வெள்ளைக்காரன் வைத்தது. அதன்மேல் கை வைத்திருப்பவளோ, போன வாரம்வரை அவர் கழனியில் நாற்று நட்டவள்.

1987 புரட்டாசி. பொன்னுரங்கத்தின் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. வடக்கனந்தல் ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மைல்கல்லையெல்லாம் பிடுங்கி ரோட்டில் உருட்டியவர்கள், பொன்னுரங்கத்துக்குப் பயந்து இந்த ஒரு கல்லை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

மறியலுக்கு வரவில்லை என்று கொளஞ்சியம்மாள் தெருவுக்கே அவர் வேலை கொடுப்பதை நிறுத்தியிருந்தார். அந்த ஆத்திரம்தான் இது என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஏய் கொளஞ்சி! வேலை குடுக்கலன்னா எங்க தாத்தா கல்லப் பேக்க வந்துடுவியா? நிறுத்துடி!"

அவள் நிறுத்தவில்லை. எழுபது வயசுக் கை. ஆனாலும் கடப்பாரை குறி தப்பாமல் இறங்கியது.

"மூணு நாளா பாத்துக்கினு இருக்கறேன். மரம் போச்சு, மைல்கல்லு போச்சு. நாளைக்கு இதையும் உருட்டிப்புடுவானுங்க. எங்க தெருவுக்கு எடுத்துக்கினு போறேங்க."

"உங்க தெருவுக்கா?" பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. பின்னாலேயே ஓடிவந்திருந்த மறியல்காரன் பாவாடையிடம் திரும்பினார். "கல்லுல இருக்கறத சத்தமா படிடா. இவ காதுல நல்லா உழட்டும்."

பாவாடை எழுத்துக் கூட்டிப் படித்தான். "பெரிய யுத்தத்துக்கு இக்கிராமத்திலிருந்து போனவர்கள் ஐந்து பேர். உயிர் துறந்தவர் ஒருவர். பொன்னுரங்கம், பஸ்ரா, 1917."

"கேட்டியா? அந்த மகராசன் பேரத்தான் எனக்கு வெச்சிருக்கறாங்க. உங்க தெருவுல எவன்டி கடலத் தாண்டிப் போனான்?"

கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நான் சொன்னா நம்பவா போறீங்க? உங்க வூட்லயே கேளுங்க."

வருஷா வருஷம் பொங்கலன்று அவர் கற்பூரம் ஏற்ற வரும்போதெல்லாம் கல்லடியில் ஒரு பிடி சாமந்தி கிடக்கும். இவள் வைத்ததுதான் என்று தெரியும். காலால் தள்ளிவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுவார். அத்தனை வருஷத்து வெறுப்பும் இப்போது கைக்கு வந்தது. பாய்ந்து கடப்பாரையைப் பிடுங்கி, அவளைப் பிடித்துத் தள்ளினார்.

விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தவழ்ந்து போய்க் கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "வெட்டிப் போட்டாலும் உட மாட்டேன்!"

"போட்டுட்டுப் போறேன்டி!" என்று கடப்பாரையை ஓங்கினார் பொன்னுரங்கம்.

"டேய், கீழ போடுடா!"

வரப்பில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள் ஆண்டாள். அவர் தாத்தாவின் கடைசி மகள், அவருக்கு அத்தை. போன ஆவணியில்தான் அவளுக்கு அறுபது முடிந்து வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள். அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"வா அத்தை. உங்கப்பாரு கல்ல இவ தூக்கிக்கினு போறாளாம். நாலு கேள்வி கேளு."

ஆண்டாள் குனிந்து கொளஞ்சியம்மாளைத் தூக்கி நிறுத்தினாள். அவள் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"எடுத்துக்கினு போவட்டும் உடு. அது இவளுக்குச் சேர வேண்டிய கல்லு."

"இன்னா அத்தை பேசற? தாத்தா பேரு இருக்குது கல்லுல!"

"பேருதான்டா அவரு பேரு. பட்டாளத்துக்கு ஆளு கேட்டப்போ, அந்தப் பேர்ல இவ அப்பன் இருசப்பனத்தான் அனுப்பி வெச்சாங்க. இவ அப்போ வயித்துல. போனவன் திரும்பல."

பாவாடை வாயைப் பிளந்தான். பொன்னுரங்கத்தின் கை தானாக இறங்கியது.

"அப்போ... தாத்தா?"

மேற்கே தெரிந்த கல்வராயன் மலையைப் பார்த்தபடி ஆண்டாள் சொன்னாள்.

"அங்கதான் ஒளிஞ்சுக்கினு இருந்தாரு. அவரு தோள்ல ஒக்காந்துதான்டா நான் வளந்தேன்."