இளகிய ஸ்பிரிங்

பாலைவனப் பந்தயத்தில் ரெஜினாவின் லாரி கடந்த இரண்டு ஆண்டும் மூன்று மணிக் கெடுவுக்குப் பிறகே வந்து சேர்ந்தது. இம்முறையும் பிந்தினால் அடுத்த ஆண்டு அவளுக்கு இடமில்லை. வேகத்துக்காக எல்லோரும் சக்கரங்களுக்கு மேல் விறைப்பான ஸ்பிரிங் போட்டார்கள். அவள் அதைக் கழற்றிவிட்டு, நீளமான, இளகிய ஸ்பிரிங்கை மாட்டினாள். புறப்படும் இடத்தில், மஞ்சள் லாரி ஓட்டும் மாசானம் குனிந்து பார்த்தார்.

“என்னம்மா, தொட்டிலா கட்டியிருக்க?”

“ஆமாண்ணே. தூக்கம் வந்தா வாங்க.”

மணல்மேடுகள் தொடங்கின. சக்கரங்கள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கின. அவள் இருக்கை அசையவில்லை. வேகமுள் நூற்றிருபதைத் தொட்டது. அதுவரை கூரைக் கம்பியில் தொங்கியபடியே வழி சொல்லிவந்த அவள் அக்கா கணவர் ஸ்டீபன், கம்பியை விட்டார். பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

“அத்தான், பெரிய மேடு வருது.”

“வரட்டும்.”

எல்லைக்கொடி தெரிந்தபோது மணி இரண்டே கால். முன்னால் மஞ்சள் லாரி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளி விழுந்துகொண்டிருந்தது. ரெஜினா அதன் வலப்பக்கமாக ஏறி வந்தாள். இரண்டு லாரிகளும் ஒரு நொடி இணையாக ஓடின. ஸ்டீபன் ஜன்னல் வழியே ஒரு சுளையை நீட்டினார். மாசானத்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.