பத்தாவது கையெழுத்து

அவள் பேரைக் கூப்பிட்டதும் அவர் சிரித்தார்.

கவலை விட்ட சிரிப்பு. மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராக எழுந்து போனபோது அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பத்துக் கையெழுத்தும் போலி என்று ஆளுங்கட்சி வக்கீல் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தார். சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் வேட்புமனு செல்லாது.

ஒன்பது பேரும் தேர்தல் அதிகாரி முன்னால் நின்று, போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மிச்சம் பெண்டாட்டிதானே.

அவள் எழுந்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இந்தத் தொகுதியில் நிற்க ஆசைப்பட்டவர்கள் நிறையப் பேர். ஒருவருக்கு மனு கொடுக்க வருகிற வழியில் நெஞ்சுவலி. ஒருவருக்குத் திடீரென்று ஆளுங்கட்சி மேல் பாசம். இன்னொருவர் மனுவில் காலையிலேயே ஏதோ ஓட்டை கண்டுபிடித்துத் தள்ளியாயிற்று.

மிஞ்சியது ஆளுங்கட்சி வேட்பாளரும் பம்புசெட் மெக்கானிக் கோமதிநாயகமும்தான். இவர் மனுவும் போனால் ஓட்டு மிஷினுக்கே வேலையில்லை. தொகுதியில் ஒரு சனம் ஓட்டுப் போடாமல் ஒருவர் டெல்லிக்குப் போய் உட்கார்ந்துவிடலாம்.

அது நடக்கக் கூடாது என்றுதான் ஒன்பது பேரையும் குற்றாலத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். எல்லார் செல்போனையும் பிடுங்கிக்கொண்டார். மூன்று வேளையும் பரோட்டா. பெரிய கட்சிக்காரன் எம்.எல்.ஏ.க்களை அடைத்து வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே ஒரு பெருமை.

அவளை ஒளிக்கவில்லை.

வீட்டில் கிடக்கிறவளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டாமா?

கெட்டிக்கார மனுஷன்.

நேற்று மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். உப்பு அளவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

பிறகு ஒருவன் போனை நீட்டினான். சங்கரி பேசினாள். மதுரையில் நர்சிங் படிக்கிற மகள். அப்பா கூட்டிவரச் சொன்னாராம், அந்த அண்ணன்கள் காரில்தான் வந்துகொண்டிருக்கிறாளாம், வழியில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்களாம். குரலில் அத்தனை சந்தோஷம். என் முதல் ஓட்டு எங்க அப்பாவுக்கு என்று தோழிகளிடமெல்லாம் சொல்லித் திரிந்த பிள்ளை.

"நாளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான்க்கா. சொல்லிட்டீங்கன்னா பிள்ளை வீட்டு வாசல்ல நிக்கும்" என்றான், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு.

அந்தக் கார் இன்னும் வந்து சேரவில்லை.

அவரிடம் சொல்ல வழியில்லை. ஊரார் போனோடு சேர்த்துத் தன் போனையும் அணைத்து வைத்திருந்தார், யாரும் பேரம் பேசிவிடக் கூடாது என்று. அவள் அடித்து அடித்து ஓய்ந்தாள். காலையில் அவர் தோப்பிலிருந்து நேரே இங்கே வந்தார். அவள் வந்தது அந்த இரண்டு பேர் வண்டியில். மோர் குடித்தவர்களில் ஒருவன் இப்போது வாசலில் நிற்கிறான், கையில் போனோடு.

அதிகாரி மனுவைத் திருப்பிக் காட்டினார்.

கோ. செண்பகவல்லி. கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்து ஒரு சுழி சுழிப்பாள். கையெழுத்துப் போடச் சொன்னால் கோலம் போடுகிறாயே என்று கல்யாணமான நாளிலிருந்து அவர் பண்ணாத கேலி இல்லை.

"இது என் கையெழுத்து இல்ல."

அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவன் காறித் துப்ப இடம் தேடினான்.

அதிகாரி நல்ல மாதிரி. பதற வேண்டாம் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மனுவில் உள்ளது தன் கையெழுத்து இல்லை என்று அச்சடித்த தாள் ஒன்று அவள் பேர் போட்டுத் தயாராக இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

பேனாவை வாங்கினாள்.

அவர்கள் கேட்டது ஒரு வார்த்தை. அதைச் சொல்லியாயிற்று. கையெழுத்தை எப்படிப் போட வேண்டும் என்று எவனும் சொல்லவில்லை.

நிதானமாகப் போட்டாள். கோ. செண்பகவல்லி. வாலை மேலே இழுத்தாள். அதே சுழி. கண்ணுள்ளவன் எவனாவது பார்க்கட்டும் என்று பிசிறில்லாமல் போட்டாள்.

அதிகாரி பார்த்தார்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நன்றாகவே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரமும் பார்த்தார்.

பிறகு தள்ளுபடி முத்திரையைக் குத்தினார்.

பக்கத்தில் இருந்த எழுத்தர் கோப்பைக் கட்டினார். இந்த வெயிலில் சனங்கள் வரிசையில் நின்று சாக வேண்டாம், நல்லதாய்ப் போயிற்று என்றார்.

கோமதிநாயகம் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அடிக்கட்டும் என்று நின்றாள்.

அவர் மேசை மேல் குனிந்தார். ஈரம் காயாத அந்தச் சுழியைப் பார்த்தார்.

அவர் முகம் வெளுத்துப் போனது.

"ஏட்டி, சங்கரி எங்க?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

போனோடு நின்றவனைக் காணவில்லை. வெளியே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.