குளிர் யாருக்கு?

“ஏனுங்க தம்பி, கார்ல ஏசி வெச்சிருக்கீங்க. அப்புறம் அம்மாவுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?”

செங்கோட்டையன் கேட்டதற்கு, பெண் பார்க்க வந்த பாலசுந்தரம் பதில் சொல்லத் தயங்கினான். அவனுடைய அம்மா முத்தாயம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே முந்திக்கொண்டாள்.

“அதையேங்க கேக்கறீங்க? குளுரு பூராவும் இஞ்சினுக்குத்தான் போவுது. மனுசருக்கு சன்னல் காத்துதான்.”

எண்பத்தாறாம் வருடத்துச் சித்திரை வெயில் மல்லசமுத்திரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. தரகர் கொண்டுவந்த ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையனுக்கு நாமக்கல்லில் சொந்தமாக ஒர்க்‌ஷாப். பெண் வசந்தாமணி சேலத்தில் பௌதிகம் படித்து அந்த மாதம்தான் பரீட்சை முடித்திருந்தாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் இப்படி ஒரு கார்.

செங்கோட்டையன் இரண்டு போர்வெல் ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். காதால் கேட்டே இஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவார். காப்பி வருவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்குப் போய் அம்பாசிடரின் பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

பையன் ஒவ்வொன்றாகக் காட்டினான். சாதாரண இஞ்சின் தானாக மூச்சிழுக்கும். இதில் சூப்பர்சார்ஜர் என்ற ஒன்று காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். திணித்தால் பலம் கூடும். ஆனால் அமுக்கிய காற்று கொதிக்கும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும், பலமும் போய்விடும். அதனால்தான் அதை வழியிலேயே ஏசியால் குளிர வைத்து அனுப்புகிறான்.

ரிக் வண்டியின் கம்ப்ரசர் குழாயில் எத்தனையோ முறை கை வைத்துச் சுட்டுக்கொண்டவருக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மடக்கினார்.

“ஏசிய ஓட்டறதும் அதே இஞ்சின்தானுங்களே? ஒரு கையில குடுத்து மறு கையில புடுங்கற கதையா இருக்குது.”

பையன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. டிக்கியில் இருந்த தகரத் தொட்டியைக் காட்டினான். சமதரையில் போகும்போது ஏசி அந்தத் தொட்டித் தண்ணீரைக் குளிர்வித்து வைத்துவிடும். மேடு வந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொண்டு காற்றைக் குளிர வைப்பான்.

திருச்செங்கோட்டு மலைப்பாதை வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார் செங்கோட்டையன். மனைவி பொன்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். மலையேற்றத்தில் வண்டி முக்கவில்லை, முனகவில்லை. முன்னால் போன இரண்டு கார்களை ஓரங்கட்டிவிட்டு ஏறியது. அவருக்கு மனம் துள்ளியது. காரை விட்டு இறங்கும்போது பார்த்தால் வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது துள்ளல் அடங்கிவிட்டது. வசந்தாமணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். பையனும் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தகவல் சொல்லி அனுப்புவதாக இரு தரப்பும் பேசிக்கொள்ள, கார் புறப்பட்டுப் போனது.

புழுதி அடங்கும்வரை நின்றிருந்த செங்கோட்டையன் உள்ளே வந்து, இந்த இடம் வேண்டாம் என்றார். பொன்னாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குணத்தில் குறையா, தொழிலில் குறையா என்று கேட்டாள்.

“ரெண்டுலயும் இல்ல. பெரிய மூளைக்காரன். அதான் வேண்டாங்கறேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வசந்தாமணி பிறந்த அன்று அவர் அனந்தப்பூர் பக்கம் ஒரு காட்டில், பாறையில் சிக்கிய ரிக்கின் பக்கத்தில் படுத்துக் கிடந்தார். தந்தி வந்தும் கிளம்பவில்லை. மகளைப் பார்த்தது நாற்பத்தோராம் நாள். பொன்னாத்தாள் அதற்காக ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. அதுதான் இன்றைக்கும் அவரைக் குத்திக்கொண்டிருந்தது.

மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவருடைய குரல் இறங்கியிருந்தது.

“நீயே சொல்லு சாமி. பெத்த தாயி வேர்வையில நனைஞ்சு கெடக்கறா, அவன் குளுரக் கொண்டுபோயி இஞ்சினுக்கு ஊட்டறான். நாளைக்கு உன்ன மட்டும் என்னன்னு கவனிப்பான்? நானும் அந்த மாதிரி ஆளுதான். அதனாலதான் சொல்றேன். உங்கொம்மா பட்டது நீயும் படோணுமா?”

பொன்னாத்தாள் அவர் தோளில் கை வைத்தாள்.

வசந்தாமணி கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு அந்த ஏசிய வாங்குனதே, சேலத்து வெயில்ல நான் பஸ்சுக்கு நிக்கறதப் பாத்துட்டு, கல்யாணத்துக்கப்புறம் எனக்கு ஆவும்னுதானுங்கப்பா. எனக்கு வேண்டாமுங்க, இஞ்சினுக்குத் திருப்பி உடுங்கன்னு போன வருசமே படம் போட்டு லெட்டர் எழுதுனது நான்தான்.”