ஆமென் வரைக்கும்

முதல் அடி புத்தகத்தாலேயே விழுந்தது.

கெட்டி அட்டையின் முனை அவள் புருவத்தைக் கிழித்தது. இரண்டாவது அடி வாயில். அதற்குப் பிறகு அவள் எண்ணவில்லை.

அரிசி டிரம்முக்குப் பின்னால் ஸ்பேனர் தேடப் போன அவள் கணவன் கையில் அது சிக்கியிருந்தது. மேலுறையில் பனி. பனிக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு பெண். அவள் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"சபைக் கமிட்டி மெம்பர் வீட்ல கதப் பொஸ்தகமாட்டி?"

ஒரு வார்த்தையில் அவனை அவள் நிறுத்தியிருக்கலாம்.

அவன் அடித்துக்கொண்டிருந்தது கதைப் புத்தகத்தால் அல்ல. தினமும் ஏழு மணிக் குடும்ப ஜெபத்தில், தேதிக்கு ஒரு பக்கமாக, அவள் சத்தமாக வாசிக்கும் தியானப் புத்தகத்தால்.

இரண்டும் ஒரே அளவு. காலையில் அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் மேலுறைகளை மாற்றிப் போடுவாள். கதைக்குச் சிலுவைப் படம். தியானத்துக்குப் பனிப் பெண். அவன் எந்த நேரத்தில் வந்து நின்றாலும் அவள் மடியில் சிலுவைதான் இருக்கும். மாலையில் திரும்ப மாற்றிவிடுவாள்.

இன்று அவன் மூன்று மணிக்கே வந்துவிட்டான்.

சொன்னால் அடி நிற்கும். அப்படியானால் கதை எங்கே என்று கேட்பான். அது சாப்பாட்டு மேசைமேல், சிலுவை உறைக்குள், அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கடைசி அத்தியாயம் மீதி இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். உடைந்த பல் ஒன்று நாக்கில் கிடந்தது. அதோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

அவன் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. முடியைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனான். வெந்நீர் அடுப்பில் காய்ந்த ஓலையை வைத்துக் கொளுத்தினான். புத்தகத்தை உள்ளே போட்டான். அவள் பிடரியை அழுத்திப் பார்க்கச் சொன்னான்.

பார்த்தாள்.

பனிப் பெண் முதலில் சுருண்டாள். அப்புறம் ஜனவரி. பிப்ரவரி. மாதம் மாதமாக எரிந்தது.

அவன் அடுப்பைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு மணிக்கு அவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் நின்றான். முகத்தை இருக்கையில் புதைத்துக்கொண்டான். வாசல் அவனுக்கு முதுகுப்பக்கம் இருந்தது.

ஜெபம் தொடங்கிவிட்டால் ஆமென் சொல்லும்வரை கண் திறக்கக் கூடாது. எழக் கூடாது. அவன் வைத்த சட்டம். கல்யாணமான புதிதில், குக்கர் நாலாவது விசில் அடிக்கிறதே என்று அவள் பாதி ஜெபத்தில் எழுந்து போனாள்.

அன்றைக்குப் போனதுதான் இடது காது.

"வாசிட்டி."

சிலுவைப் படம் போட்ட புத்தகத்தைத் திறந்தாள். உதடு வீங்கியிருந்தது. சொற்கள் உப்பி உப்பி வந்தன.

"ஆறு உறைந்து கிடந்தது. அந்தப் பனி ஒரு ஆளைத் தாங்குமா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பின்னால் வீட்டு விளக்கு எரிந்தது. நாய்கள் குரைக்கத் தொடங்கின. கர்த்தாவே, மண்டிபோட நேரமில்லை, நடந்துகொண்டே உம்மோடு பேசுகிறேன் என்றாள். முதல் காலை எடுத்து வைத்தாள். பனி முனகியது."

இதற்காகத்தான் அவள் அந்தப் புத்தகத்தை ஒளித்து ஒளித்துப் படித்தாள். அதில் ஒருத்தி கடவுளிடம் பயமில்லாமல் பேசினாள்.

தியானப் புத்தகத்திலும் அன்றாடம் இப்படி ஒரு வெளிநாட்டுக் கதை முதலில் வரும். அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

"நல்ல சாட்சி," என்றான் நாற்காலிக்குள்ளிருந்து. "வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா? தெளிவா வாசியேன்."

அவள் அதற்குமேல் வாசிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"இப்ப மண்டி போட்டு, பண்ணுன பாவத்த மனசுக்குள்ள அறிக்க பண்ணு. நீளமா பண்ணணும். ஆமென் மட்டும் சத்தமா வரணும்."

"எவ்ளோ நீளமா?"

"கர்த்தர் போதும்னு சொல்லுத வரைக்கும்."

அவள் மண்டி போட்டாள்.

மின்விசிறி சுற்றியது. அவன் வெள்ளை முதுகு ஏறி இறங்கியது. அடுப்பின் கருகல் நாற்றம் வீட்டுக்குள் இன்னும் இருந்தது.

கண்ணைத் திறந்தாள்.

எழுந்தாள்.

முழங்கால் சொடுக்கியது. முதுகு அசையவில்லை.

கதவின் கொண்டியை முந்தானையால் பொத்தித் தூக்கினாள். படியில் செருப்பு கிடந்தது. போட்டால் சத்தம் வரும். வெறுங்காலை மண்ணில் வைத்தாள். மண் குளிர்ந்திருந்தது.

அடுத்த காலையும் வைத்தாள்.

டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்த கண்டக்டர் அவள் வாயைப் பார்த்தான். கை பாதியில் நின்றது.

"எங்கக்கா போணும்?"

"கடேசி ஸ்டாப்பு."

அவன் டிக்கெட்டைக் கொடுத்தான். அவள் தலைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போனான்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பழைய பாலம் கீழே முனகியது. அவள் விரல் இன்னும் பக்கத்துக்குள் இருந்தது. புத்தகத்தைத் திறக்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவன் முழங்காலில் நின்றுகொண்டிருப்பான். ஆமென்னுக்காகக் காது கொடுத்துக்கொண்டு.

கர்த்தர் இன்னும் போதும் என்று சொல்லவில்லை.