நான்காவது சர்வர்

ராமேஸ்வரத்தில் ஓர் இறால் ஏற்றுமதி அலுவலகம். அங்குள்ள சர்வர்களில் எதன் மேல் எவ்வளவு வேலைச்சுமை விழுகிறது என்று காட்டும் மென்பொருளை யுவராணி அமைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் வந்து பார்க்கும்போது திரையில் எல்லாம் பச்சையாக இருந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம்.

சர்வர்கள் மூன்று. மென்பொருளோ நான்கைத் தேடிப் பிடித்துக் காட்டியது. அதிகம் உழைப்பதும் அந்த நான்காவதுதான்.

"அதை உப்புக்காத்து தின்னுருச்சேக்கா," என்றான் கூட வேலை பார்க்கும் ஷாகிர். "உள்ள இருந்ததெல்லாம் போன வருசமே கழட்டியாச்சு. அந்தா, மூலையில கெடக்குறது வெறும் டப்பா."

போய்ப் பார்த்தாள். வயர்கூட இல்லை. தகரத்தைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது.

"வெயில் படுதோ?"

"இந்த ரூம்ல சன்னல் ஏதுக்கா?"

ஒன்றும் புரியாமல் திரும்பி வந்து, மென்பொருளில் அதன் பெயரை நீக்கினாள். மறுநொடி மற்ற மூன்றும் சிவப்பாயின. கீழே படகிலிருந்து இறக்கிய இறாலை எடை போடுகிறவர்கள், "கம்ப்யூட்டர் நின்னுபோச்சு, ஐஸ் கரையுது!" என்று கத்தினார்கள்.

"யக்கா, மேனேஜர் படியேறி வாராரு. பழையபடி சேத்துருங்க!"

சேர்த்தாள். எல்லாம் பச்சை.

மேனேஜர் பொன்னுச்சாமி திரையைப் பார்த்துத் தலையாட்டினார். "நாளையிலேர்ந்து நீங்க நிரந்தரம்மா. அந்த ஓட்டை டப்பாவ எடைக்குப் போட்ருங்க."

"இருக்கட்டும் சார்," என்றாள் அவசரமாக.

அவர் போனதும் தன் மேசை விசிறியைத் தூக்கிப் போய், மூலையைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.