கட்டாத முடிச்சு

ரோண்டாவின் தூண்டிலில் மாட்டிய கொடுவா மீன், நீரை விட்டு எழும்பி ஓர் உதறு உதறுகிறது. தூண்டில் நரம்பு தொய்ந்துவிடுகிறது. டேலி ஆற்றின் மண்நிற நீரில் வட்டங்கள் விரிந்து அடங்குகின்றன. காற்றில் ஆடிப் படகுக்குள் வந்த நரம்பின் நுனியை, அவள் பார்ப்பதற்குள் அவள் கணவன் நெவில் கைக்குள் பொத்திக்கொள்கிறான். உள்ளங்கையில் குத்துவது, பொய்மீனை நரம்போடு இணைக்கும் கம்பிக் கொக்கி; அதன் வாய் பிளந்து கிடக்கிறது. "கொக்கி வேணாம், முடிச்சே போடுப்பா. அண்ணன் செதுக்கினது" என்று சொல்லித்தான், மீனுக்கு இரையாகக் காட்டும் அந்த மரமீனைச் சற்றுமுன் அவனிடம் கொடுத்தாள். ஒரு சொடுக்கில் மாட்டிவிடலாமே என்று அவனுக்குச் சோம்பல். கொக்கியில் மாட்டிவிட்டு, முடிச்சுப் போட்டாச்சு என்றான். செத்துப்போன அவள் அண்ணனின் கைவேலை இப்போது மீனின் வாயோடு போய்விட்டது. "என்மேலதான் தப்பு, நெவில். பதறிப்போய் இழுத்துட்டேன்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறாள். "நரம்பு அறுந்துடுச்சு போல" என்றபடி அவன் கொக்கியை நரம்பிலிருந்து நறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். படகின் அலுமினிய விளிம்பில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. வேறொரு பொய்மீனை எடுத்து, நரம்பை எச்சிலால் நனைத்து, இறுக்கி இறுக்கி முடிச்சுப் போடுகிறான். "இழுத்துப் பாரு" என்று நீட்டுகிறான். அவள் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறாள். "நீ கட்டினதை நான் எதுக்குப் பார்க்கணும்?"