தள்ளினால் கிளம்பும் கார்

காரைக் கெடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். சாட்சி மட்டும்தான் வேண்டியிருந்தது.

அதனால்தான் வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் கிளம்பியதும் மெக்கானிக்கை வரவழைத்தாள்.

மாமனார் வைத்திருந்த பழைய டீசல் கார் அது. அவர் போன பிறகு பாகம் பிரித்ததில் வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழும்பியது. கார் தம்பியான அவள் வீட்டுக்காரர் பக்கம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவோடு அந்தக் காருக்கு அடியிலேயே கிடந்தவர் அண்ணன். அன்றைக்கு நிறுத்தினார் பேச்சை.

பிறகு ஒரு நாள் காலை, சாவியைத் திருப்பினால் கார் வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் இறங்கித் தள்ளிப் பார்த்தார். டீசல் வண்டி ஒரு ஆளுக்கு அசையுமா? பக்கத்து வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன், பிரஷ்ஷை வாயில் கவ்வியபடி வந்து பின்னால் கை கொடுத்தார். கார் கிளம்பியதும் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. தம்பி ஸ்டியரிங்கில், அண்ணன் டிக்கிக்குப் பின்னால். ஆபீஸ் வாசல் சரிவாக இருந்ததால் திரும்பி வர ஆள் வேண்டியிருக்கவில்லை.

முதலில் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அண்ணன், செகண்ட் கியரில் போடச் சொன்னார். இன்னொரு நாள், கிளட்ச்சைப் பட்டென்று விடுடா என்றார். போன வாரம் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். கிளம்பாத வண்டியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு எரிந்தது.

ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொன்னால் பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்பார் வீட்டுக்காரர். மெக்கானிக்கோ, கேட்ட அன்றே கொண்டுவந்துவிட்டார்.

கார் ஜாக்கியில் ஏறும்போதே அவள் வழக்கைச் சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் துணி எடுக்கப் போனபோது கண்ணால் பார்த்தாளாம். வீட்டுக்காரரின் அண்ணன், அந்தப் பெரியவர், காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாராம். முதுகெல்லாம் மண். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நழுவினாராம்.

"தனக்குக் கிடைக்கலன்னா அடுத்தவனுக்கும் உதவக் கூடாது. அந்தப் புத்தி அண்ணே."

மெக்கானிக் ம் கொட்டிக்கொண்டே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அடியில் போனார். கீழ் போல்ட் சுலபமாக வந்தது. மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. தடவித் தடவித்தான் கழற்ற வேண்டியிருந்தது. கடைசியில் ஸ்டார்ட்டர், தூங்குகிற குழந்தை மாதிரி கனமாக அவர் நெஞ்சில் இறங்கியது.

வெளியே வந்து, அதைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரியோடு இணைத்தார். துள்ளிச் சுற்றியது.

"இது நல்லாத்தானேம்மா இருக்கு."

திரும்ப அடியில் போய் ஒரு சின்ன ஒயரை வெளியே இழுத்துக் காட்டினார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டருக்குச் சேதி சொல்கிற ஒயர். மடக்கி, ஓரமாகக் கட்டி, முனையில் டேப் சுற்றியிருந்தது.

"தானா கழண்டது இல்ல. யாரோ கழட்டியிருக்காங்க."

"நான் சொல்லல?" அவள் அப்போதே சுவர்ப் பக்கம் கிளம்பிவிட்டாள்.

மெக்கானிக் டேப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "முனையில புது டெர்மினல் போட்டிருக்காங்க. பழசு ஒடிஞ்சிருக்கும். சரி பண்ணினவங்க அப்புறம் எதுக்குக் கழட்டி, இதைப் போட்டுக் கட்டினாங்கன்னுதான் புரியல."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் விரலில் ஊதா நிற ஹேர்பேண்ட் ஒன்று தொங்கியது. அதில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் முயல்.

மகளுடையது. தொலைத்துவிட்டாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தபோது, பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கவே இல்லை.

சுவர் வரைக்கும் போனவள் அதைத் தாண்டவில்லை. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பழைய ஸ்டார்ட்டரையே மாட்டிடுங்க அண்ணே."

"ஒயரு?"

"இருந்த மாதிரியே."

"அப்புறம் கிளம்பாதும்மா."

"கிளம்பாது."

"ஹேர்பேண்டு?"

"அதுவும்."

மெக்கானிக் மறுபடி அடியில் போனார். மேல் போல்ட்டைத் தடவித் தடவி முடுக்கினார். கிளம்பக் கூடாத வண்டிக்கு இவ்வளவு ஒழுங்காக அவர் வேலை பார்த்ததே இல்லை.

கொண்டுவந்த ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது, பக்கத்து வாசலில் பெரியவர் நின்றிருந்தார். வெகு நேரமாக நின்றிருக்க வேண்டும்.

"மாத்தியாச்சா?" என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"இல்ல சார். பழசையே மாட்டச் சொல்லிட்டாங்க."

"ஒயரு?"

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருந்த மாதிரியேதான்."

பெரியவர் மூச்சு விட்டார். பிறகு கிட்டே வந்து, சுவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"முனையில டேப் இருந்துச்சே, அதைப் பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன். திரும்பச் சுத்திட்டேன் சார்."

"நல்லதாப் போச்சு. தம்பி வெறுமனே கட்டித் தொங்க விட்டுட்டான். மழையில துருப்பிடிச்சிடக் கூடாதேன்னு நான்தான் அடியில படுத்துச் சுத்தி வெச்சேன்."